முப்பது நோன்பும் பிடித்த பிள்ளை

போன மாதம் ஜெஸீமா என் வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பெண்கள் பாடசாலையில் என் இடத்துக்கு வந்த உடற்கல்வி ஆசிரியை அவள். கதிரையில் உட்காரும் முன்பே போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் ஒரு சின்னப் பிள்ளை நீளம் பாய்ந்துகொண்டிருந்தது. ஜெஸீமா அதை மெதுவாக ஓடவிட்டாள், இடையில் நிறுத்தினாள், விரலால் பெரிதாக்கினாள்.

“பாருங்க டீச்சர், பாஞ்சி விழக்குள்ள இடது கால் உள்ளுக்கு மடியிது. ஆனா பாய்ச்சல் நல்ல தூரம். இவள நிப்பாட்டவா, விடவா?”

“போனுக்குள்ள இரிக்கிற காலப் பாத்து நான் என்னத்தச் சொல்ற? அந்தப் புள்ளைட வீட்டுக்குப் பெய்த்தியா?”

“வீட்டுக்கு என்னத்துக்கு டீச்சர், கால்தானே பிரச்சினை?”

ஜெஸீமா கெட்டிக்காரி. படித்தவள். என்னிடம் இல்லாத கருவிகளெல்லாம் அவளிடம் இருக்கின்றன. இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குள் பழைய பயம் எழும்பி உட்கார்ந்துகொண்டது. நிப்பாட்டவா, விடவா. என் சேவைக்காலம் முழுவதும் இந்த ஒரே கேள்விதான் என்னைத் துரத்தியது. கழுத்தில் விசிலும் கையில் ஸ்டொப் வோச்சுமாக மைதானத்தின் நடுவில் நிற்பவளைப் பார்த்து ஊர் “சரியான தைரியக்காரி” என்று சொல்லும். நானோ பயந்து பயந்தே ஒரு தொழிலைச் செய்து முடித்தவள். ஜெஸீமாவுக்கு அன்று வாயால் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பயிற்சிக் கல்லூரிக் கதையை விட்டுவிடுகிறேன். அங்கே எலும்புகளின் பெயர்களைப் பாடமாக்கினோம், விசில் ஊதப் பழகினோம், வந்தோம். ஒரு பிள்ளையை எப்போது நிறுத்துவது என்று எந்த விரிவுரையாளரும் சொல்லித் தரவில்லை. சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் பாடசாலை மைதானம் வகுப்பறைக் கட்டிடங்களுக்கு நடுவே ஒரு கைக்குட்டை அளவுதான் இருந்தது. ஓடுவதற்கு இடம் கடற்கரை மட்டுமே. சுனாமிக்குப் பிறகு அதுவும் சிக்கலாகிவிட்டது. விடியற்காலையில் பிள்ளையைக் கடற்கரைக்கு அனுப்பச் சொன்னால் தாய்மாருக்கு உயிர் போய் வரும். அவர்களும் கூடவே வந்து, கடலைப் பார்த்தபடி மணல்மேட்டில் வரிசையாக நிற்பார்கள். நான் பிள்ளைகளைப் பார்க்க, அவர்கள் அலையைப் பார்க்க, பயிற்சி நடக்கும். அவர்களுடைய பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அலை கொஞ்சம் பின்வாங்கினால் போதும், நான் விசிலை வாயில் வைத்துவிடுவேன்.

அந்தக் காலத்தில் றிஸ்னா என்றொரு பிள்ளை இருந்தாள். தடை தாண்டி ஓடுவாள். மாகாணத்தில் முதலிடம். ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

“டீச்சர், நீங்க என்ன நிப்பாட்டுங்க.”

“ஏன் புள்ள, கால் நோகுதா?”

“கால் நல்லாத்தான் இரிக்கி. எனக்கு விருப்பமில்ல டீச்சர். ஒவ்வொரு தடையும் கிட்ட வரக்குள்ள பயமா இரிக்கி. நான் நிக்கிறண்டா வாப்பா உடமாட்டார். நீங்க சொன்னாக் கேப்பார்.”

அவளுடைய வாப்பா கடையில் மேசைக்கு மேலே மகளின் பதக்கங்களை வரிசையாகத் தொங்கவிட்டு வியாபாரம் செய்த மனிதர். நான் போய், “இந்த வயசுக்குமேல தடை உயரம் கூடும் நானா, இவள்ட உயரத்துக்குச் சரிவராது” என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னேன். பாதி உண்மை. அவர் அளவுநாடா எடுக்கப் போய்விடுவாரோ என்று பயந்தேன். எடுக்கவில்லை. றிஸ்னா இன்று மாவடிப்பள்ளியில் பாலர் பாடசாலை நடத்துகிறாள். அவள் விடயத்தில் முடிவு எடுப்பது இலேசாக இருந்தது, பிள்ளையே வாய் திறந்து சொல்லிவிட்டது. வாய் திறக்காத பிள்ளைதான் ஆபத்து.

எங்கள் கல்வி வலயத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் தவராசா சேர். தம்பிலுவில் ஊரவர். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டு, ஹெல்மட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மைதானத்தின் ஒரு மூலையில் நிற்பார். வந்ததையும் சொல்லமாட்டார், போவதையும் சொல்லமாட்டார். பயிற்சி முடிந்ததும் நாமாகத்தான் அவரிடம் போக வேண்டும். போனால், “என்ன முடிவு டீச்சர்?” என்பார். அதற்குமேல் ஒரு சொல்லும் வராது. நாம் சொல்லும் பதில் அரைகுறையாக இருந்தால் ஹெல்மட்டின் பட்டியை இழுத்து இழுத்துப் பார்ப்பார். அந்தப் பட்டிச் சத்தத்துக்கு வலயத்தில் உள்ள எல்லா உடற்கல்வி ஆசிரியர்களும் பயம்.

பிள்ளையை நிறுத்துவதற்கு அவரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. மைதானத்தில் வைத்து ஒரு பிள்ளையையும் நிறுத்தக் கூடாது. அங்கே மற்றப் பிள்ளைகள் பார்ப்பார்கள், கதை ஊருக்குள் நமக்கு முன்னே போய்விடும். முதலில் ஓடும்போது பார்க்க வேண்டும். பிறகு வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளை படியேறி இறங்குவதைப் பார்க்க வேண்டும், சாப்பிடும்போது பீங்கானில் எவ்வளவு சோறு என்று பார்க்க வேண்டும். பிறகு தாய் இல்லாத இடத்தில் பிள்ளையோடு கதைக்க வேண்டும். எல்லாம் முடிந்து அவரிடம் வந்து காரணத்தோடு சொல்ல வேண்டும். காரணம் இல்லாத முடிவை அவர் ஏற்கமாட்டார். இந்த ஒழுங்குக்குள் நான் வளர்ந்தேன். அதனால்தான் ஜெஸீமாவிடம் முதலில் வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

இனி ஷிப்னாவின் கதை. பெயரை மாற்றியிருக்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்க டீச்சர், மத்தப் புள்ளைகளுக்கும் தெரியட்டும்” என்றாள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முந்திய காலம் அது. ஷிப்னாவுக்குப் பதினாறு வயது. ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓடினாள். மாகாணப் போட்டியில் இரண்டாவதாக வந்த பிள்ளையைப் பாதிச் சுற்றுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தவள். அகில இலங்கைப் போட்டியில் ஒரு பதக்கம் கிடைத்தால் கொழும்பில் ஒரு பெரிய பாடசாலை அவளை விடுதியோடு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. வாப்பா ஆழ்கடல் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர், போனால் கிழமைக்கணக்கில் வரமாட்டார். அந்தக் குடும்பத்தில் கொழும்புக்குப் படிக்கப் போகும் முதல் ஆள் இவள்தான் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது.

போட்டிக்குச் சில கிழமைக்கு முன்னால் அவள் ஓட்டத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஈர மணலில் பிள்ளைகள் ஓடிப் போன பிறகு நான் குனிந்து காலடிகளைப் பார்ப்பது வழக்கம். ஷிப்னாவின் வலது குதிகால் மணலில் சரியாகப் பதியவில்லை. கேட்டால், “தொடைல நரம்பு புடிச்சிரிக்கி டீச்சர், உம்மா எண்ணெய் தேய்ச்சி உட்டா” என்றாள். எங்கே என்று கேட்டேன். தொடைக்கு மேலே, கவட்டுப் பக்கம் கையைக் கொண்டுபோய், வெட்கத்தில் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆசுபத்திரிக்கு அனுப்பினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. தசைப்பிடிப்பு என்று குளிசை கொடுத்தார்கள். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை. எலும்பில் மெல்லிய வெடிப்பு விழுந்தால் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது என்று எப்போதோ ஒரு செயலமர்வில் கேட்டது ஞாபகத்தில் இருந்தது. மட்டக்களப்பில் பெரிய ஸ்கேனுக்குத் திகதி கேட்டோம். போட்டி முடிந்த பிறகுதான் கிடைத்தது.

எனவே ஒழுங்கின்படி வீட்டுக்குப் போனேன்.

அவர்கள் இருந்தது சுனாமி வீட்டுத் திட்டத்தில், மாடியில். நான் கீழே நின்று கூப்பிட்டேன். ஷிப்னா என்னை அழைத்துப்போகப் படியிறங்கி வந்தாள். கைபிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள். என்னைக் கண்டதும் கைபிடியை விட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் தொடங்கியது.

பகல் சாப்பாடு போட்டார்கள். மீன் ஆணம், சுண்டல், பருப்பு. எனக்கு முன்னால் சோறு மலைபோலக் குவிந்தது. ஷிப்னாவின் பீங்கானில் பிடி சோறு. அதையும் அவள் ஓரம் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவள் எழும்பிக் கை கழுவப் போனதும் அவளுடைய உம்மா சொன்னா:

“இதுதான் டீச்சர் இவள்ட சாப்பாடு. போன்ல பாக்கிறாளாம், மெலிஞ்சாத்தான் வேகமா ஓடலாமாம். கோழிக்குஞ்சி திங்கிற மாதிரித் திங்கிறாள்.”

“எவ்வளவு காலமா?”

“ரெண்டு வருஷம் இரிக்கும். ஆனா அல்லாஹ்ட காவல், ஒரு சோர்வு இல்ல டீச்சர். போன நோன்புக்குப் பாருங்க, ஓடிக்கிட்டே முப்பது நோன்பும் புடிச்சிட்டாள். ஒண்டு உடல்ல. இவள்ட ராத்தாமார் ரெண்டு பேரும் இன்னும் கழா நோன்பு புடிச்சி முடியல்ல. இவளுக்குக் கழாவே இல்ல.”

அதைச் சொல்லும்போது அந்தத் தாயின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. முப்பது நோன்பும் பிடித்த பிள்ளை என்றால் எங்கள் ஊரில் எவருக்கும் பெருமைதான். மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்திருப்பார்கள். நானும் அதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டு நிறுத்தினேன். கையில் எடுத்த சோறு அப்படியே இருந்தது.

வயதுக்கு வந்த ஒரு பெண்பிள்ளைக்கு அந்த முப்பது நாளில் சில நாள் நோன்பு விடுபடத்தான் வேண்டும். மாதவிலக்கில் நோன்பும் இல்லை, தொழுகையும் இல்லை. விடுபட்ட நோன்பைப் பிறகு ஒரு நாளில் பிடித்து அடைப்பதுதான் கழா. நோன்பு கழிந்ததும் எந்த வீட்டிலும் பெண்கள் அந்தக் கணக்கைத்தான் விரலில் எண்ணிக்கொண்டிருப்பார்கள். கழாவே இல்லாத பிள்ளை என்றால் அந்த உடம்பில் வர வேண்டியது வரவில்லை. சாப்பாடு போதாமல் ஓட்டம் கூடிப்போனால் பெண்பிள்ளையின் உடம்பு முதலில் அதைத்தான் நிறுத்தும். அது நின்றால் எலும்பு மெலியும். மெலிந்த எலும்பில், கவட்டுக்குள் ஒரு நோவு. எல்லாம் ஒரே கணத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

ஒன்று மிச்சம் இருந்தது. வாப்பாவுக்கும் கூடப்பிறந்த நானாமாருக்கும் வெட்கப்பட்டு, நோன்பில்லாத நாளிலும் நோன்பு போலவே இருந்து காட்டும் பிள்ளைகளும் உண்டு. எனவே உம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“தங்கச்சி, மறைக்காமச் சொல்லுங்க. தொழுகையும் ஒரு நாளும் உடல்லயா?”

“இல்ல டீச்சர். தறாவீஹ் தொழுகைக்கு ஒரு நாள் தவறாம எங்களோடதான் வந்தாள்…”

சொல்லிக்கொண்டே வந்தவ நடுவில் நின்றுவிட்டா. முகம் வெளிறியது. வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தா. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தா.

“டீச்சர், நீங்க என்ன சொல்ல வாறீங்க? எண்ட புள்ள அப்பிடியான புள்ள இல்ல.”

மகளுக்கு மாதவிலக்கு நின்றதென்றால் அவவின் பயம் எங்கே போய் நிற்கும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. “சீ, அது இல்ல தங்கச்சி. அல்லாஹ் மேல ஆணையா அது இல்ல” என்று அவவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சாப்பாட்டையும் ஓட்டத்தையும் எலும்பையும் பற்றி விளங்கப்படுத்தினேன். அவ கேட்டுக்கொண்டிருந்தா. எவ்வளவு காதில் ஏறியது என்று தெரியாது. கடைசியில், “இத வெளிய ஒருத்தருக்கிட்டயும் கதைக்காதீங்க டீச்சர். சனம் நீங்க சொல்ற மாதிரி விளங்காது” என்றா. கதைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பிறகு ஷிப்னாவை மாடி மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “போன நோன்புக்கும் முந்தின நோன்புல இருந்தே இல்ல டீச்சர்” என்றாள். ஒரு வருடத்துக்கு மேல்.

“ஏன் உம்மாக்கிட்டச் சொல்லல்ல?”

“நல்லந்தானே எண்டு நெனச்சன். பயிற்சிக்கிக் கரைச்சல் இல்ல. நோன்பும் தொழுகையும் உடுபடல்ல.”

“ராவைக்குப் படுக்கக்குள்ள கால் நோகுதா?”

“நொந்தாலும் நான் ஓடுவன் டீச்சர்” என்றாள்.

“நீ இந்தப் போட்டிக்கு ஓட மாட்டாய் மகள்.”

அவள் அழவில்லை. என்னை முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். போகும்போது நொண்டாமல் நடந்து காட்டினாள். அந்த நடையைப் பார்க்க முடியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முடிவு எடுத்தாகிவிட்டது. கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே சுத்தம், ஸ்கேன் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த காரணத்தையோ வெளியில் சொல்ல முடியாது. தவராசா சேர் நல்ல மனிதர், ஆனாலும் அவரிடம் போய் ஒரு பிள்ளையின் மாதவிலக்கைப் பற்றிக் கதைக்க என் நாக்கு வளையாது. அவரிடம் சொன்னால் அவர் ஒரு பயிற்றுநரிடம் சொல்ல வேண்டிவரும், அது பக்கத்து ஊர் கல்முனைக்கு வந்து சேரும்போது வேறு கதையாகிவிடும். அந்தத் தாய் பயந்த கதையாகவே ஆகிவிடும்.

அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. நான் நினைப்பது பிழையாக இருந்தால் அந்தப் பிள்ளையின் கொழும்பை நானே பறித்தவள். நினைப்பது சரியாக இருந்து, அவள் எப்படியோ ஓடிவிட்டால்? இரண்டு பக்கமும் குழி. வாப்பா கடலில் இருந்து வந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்தார். உப்புக் காய்ந்த சாரம் உடுத்தபடியே கேற்றடியில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“எண்ட புள்ளைக்கு என்ன டீச்சர் கொற? எக்ஸ்ரே நல்லம் எண்டுதானே சொல்லியிரிக்கி. உங்களுக்குப் புள்ளைக்கி மேல என்ன கோபம்?”

“கோபமில்ல தம்பி, பயம்.”

“கடலுக்குப் போற நாங்களே பயப்படல்ல. நீங்க கிறவுண்டில நிண்டுகிட்டு என்னத்துக்குப் பயப்படுறீங்க?” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு மனைவி எதையும் சொல்லவில்லை என்று தெரிந்தது. நானும் சொல்லவில்லை.

கொழும்புக்குப் பஸ் புறப்படும் பின்னேரம் பாடசாலை வாசலில் சனம் கூடியிருந்தது. பிள்ளைகள் பைகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். வாப்பாவோடு ஷிப்னாவும் வந்து நின்றாள், குழுவின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு. அவளுடைய பெயர் இன்னும் குழுவில்தான் இருந்தது. ஆதாரம் இல்லாமல் பெயரை வெட்டத் தவராசா சேர் சம்மதித்திருக்கவில்லை. “பஸ் வரைக்கும் பார்ப்பம்” என்று மட்டும் சொல்லியிருந்தார். அவள் பஸ் படியில் இடது காலை வைத்தாள். வலது காலைத் தூக்கும்போது பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது.

நான் போய்ப் பஸ் வாசலில் குறுக்கே நின்றேன்.

தவராசா சேர் வந்தார். ஹெல்மட் கக்கத்தில். “என்ன முடிவு டீச்சர்?”

“இவள் ஓடக் கூடா சேர்.”

“காரணம்?”

“எலும்பு வெடிச்சிரிக்கி எண்டு நினைக்கிறன்.”

“நினைக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்குமே.”

“இரிக்கி சேர். சொல்ல ஏலா.”

அவர் பட்டியை இழுக்கத் தொடங்கினார். வாப்பா ஒரு பக்கம், சனம் ஒரு பக்கம். பஸ்ஸுக்குள்ளிருந்து பிள்ளைகள் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். மைதானத்தில்கூட நிறுத்தக் கூடாது என்ற மனிதருக்கு முன்னால் நடுத்தெருவில் ஒரு பிள்ளையை நிறுத்திக்கொண்டு நின்றேன்.

“இவள் ஏறினா நான் இறங்கிருவன் சேர்,” என்றேன்.

அதன் அர்த்தம் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயணத்துக்கு வேறு ஆசிரியை இல்லை. பெண்பிள்ளைகளை ஆசிரியை இல்லாமல் எங்கள் ஊரில் எந்தப் பெற்றோரும் அனுப்பமாட்டார்கள். நான் இறங்கினால் ஒரு பிள்ளையும் போகாது. பஸ்ஸுக்குள் ஒரு பிள்ளை விசும்பத் தொடங்கியது. எவரோ ஒருவர், “டீச்சருக்கு மண்டை பெரிசாப் பெய்த்து” என்றார்.

தவராசா சேர் பட்டியை விட்டார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஷிப்னாவின் பக்கம் குனிந்து, “மகள், டீச்சர் இப்படி நிக்கிறவ இல்ல. நீ வீட்ட போ” என்றார். வாப்பாவின் தோளில் கையை வைத்து அவரைத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ கதைத்தார். என்ன கதைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காரணத்தையும் அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

ஷிப்னா மேலங்கியைக் கழற்றி என் கையில் திணித்தாள்.

கொழும்பில் அந்த ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் இறுதி ஓட்டத்தை நான் பார்த்தேன். கையில் பழக்க தோஷத்தில் ஸ்டொப் வோச். வென்ற பிள்ளையின் நேரம் ஷிப்னா எங்கள் கடற்கரையில் ஓடும் நேரத்தைவிடக் கூடுதல். தங்கப் பதக்கத்தை அந்தப் பிள்ளையின் கழுத்தில் போடும்போது நான் ஸ்டொப் வோச்சைப் பைக்குள் போட்டேன். யா அல்லாஹ், அவளுடைய எலும்பு நல்லதாகவே இருக்கட்டும் என்று ஒரு பக்கம் மனது கேட்டது. நல்லதாக இருந்தால் நான் எந்த முகத்தோடு ஊருக்குள் போவது என்று மறுபக்கம் கேட்டது. ஒரு பிள்ளைக்கு நோய் இருக்க வேண்டுமே என்று நினைத்துவிட்டேனோ என்ற பயம் அதற்கு மேல்.

ஸ்கேன் எடுக்கும் நாளில் உம்மாவும் நானும் கூடப் போனோம். எலும்பு டொக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்தார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதியில், பாதி அகலத்துக்கு ஒரு கோடு. பேனா முனையால் அதன் மீது மெல்லப் போய்க் காட்டினார்.

“கடைசியா எப்ப ஓடினவ?”

போட்டிக்கு முந்திய கிழமையே நிறுத்திவிட்டதாகச் சொன்னேன்.

“இன்னொரு ஓட்டம் முழு வேகத்தில ஓடியிருந்தா அங்கயே முறிஞ்சிருக்கும். இந்த இடத்தில முறிஞ்சா எலும்புக்கு இரத்தம் போகாது. இந்த வயசில இடுப்பு மாத்த வேண்டி வந்திருக்கும்.”

உம்மா அழுதா. ஷிப்னா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். சரியாகச் செய்தேன் என்ற சந்தோஷம் எனக்கு வரவில்லை. மீன் ஆணமும் சோறும் சாப்பிட்டுவிட்டு, மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு, நான் பேசாமல் எழும்பி வந்திருந்தால் என்ற ஒரே நினைப்புத்தான் வந்தது. எவ்வளவு கிட்டத்தில் போய்த் திரும்பியிருக்கிறோம்.

பல மாதம் ஊன்றுகோல். ஒரு டொக்டரம்மா சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, இரத்தம் பரிசோதித்து, மாதாமாதம் பார்த்தா. “எலும்பு சேரும். ஆனா உடம்பு தன்ட கணக்கத் திரும்பத் தொடங்கினாப் பிறகுதான் ஓட்டத்தைப் பத்திக் கதைக்கலாம்” என்று சொல்லியிருந்தா. வாப்பா ஒரு நாள் பெரிய பாரை மீனொன்றைக் கொண்டுவந்து என் குசினி வாசலில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். ஷிப்னா மட்டும் என்னோடு கதைக்கவில்லை. வீட்டுக்குப் போனால் சலாம் சொல்லுவாள், அறைக்குள் போய்விடுவாள். அவளைக் காப்பாற்றியவள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவளுக்கு நான் பஸ்ஸிலிருந்து இறக்கியவள்தான். அவளைக் குறைசொல்ல மாட்டேன்.

அடுத்த நோன்பு வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். நோன்பின் நடுப்பகுதியில் ஒரு நாள், பகல் ளுஹர் தொழுதுவிட்டு முசல்லாவை மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஷிப்னாவின் உம்மா. குரல் உடைந்திருந்தது. கால் முறிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“டீச்சர்,” என்றா. “ஷிப்னா இண்டைக்கி நோன்பில்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று அவ அழுதுகொண்டே சொன்னா. தன் மகளுக்கு நோன்பு விடுபட்டதற்காக ஒரு தாய் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி அழுததை நான் அன்றுதான் கேட்டேன். நானும் அழுதேன்.

பிறகு போனுக்குள் வேறு மூச்சு கேட்டது.

“டீச்சர்.” ஷிப்னா. “அப்ப நான் ஓடலாமா?”

இத்தனை மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைக்கிறாள், கேட்பது அதே கேள்வி. விடவா, நிப்பாட்டவா. நிறுத்தும்போது ஒரு பயம் என்றால் விடும்போது அதைவிடப் பெரிய பயம். அந்தக் கோடு போட்ட படம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வேண்டாம் என்று சொல்லிவிடுவது இலேசு. கேட்பதற்கு எவரும் இல்லை, நான் ஓய்வு பெற்றவள். ஆனால் அவள் குரலில் இருந்த ஆசை றிஸ்னாவின் குரலில் ஒருநாளும் இருந்ததில்லை.

“முதல்ல போய்ப் பகல் சோறு திண்டுட்டு வா,” என்றேன். “திண்டுட்டு எனக்குப் போன் எடு.”

நோன்பு வீட்டில் எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டிருக்க, அவள் குசினிக்குள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாள். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நேரம் போனது. ஒரு பிடி சோற்றுக்கு இவ்வளவு நேரம் எடுக்காது. அப்போது போன் அடித்தது.

“திண்டுட்டன் டீச்சர். ரெண்டு தரம் போட்டுத் திண்டன். இப்ப சொல்லுங்க.”

“டொக்டரம்மா ஓமெண்டா, பெருநாளைக்குப் பிறகு மெதுவாத் தொடங்கு. நானும் வருவன்.”

“வாங்க டீச்சர்,” என்றாள். “நீங்க பாத்துக்கிட்டு நிண்டா எனக்குப் பயமில்ல.”

போனை வைத்துவிட்டு, மேசைக்குள் கிடந்த விசிலைத் தேடி எடுத்தேன்.